இருபது மில்லிமீட்டர்

கிண்டி ஷோரூமில் ஏசி பதினெட்டில்.
வெளியே கத்திரி.
கூரை மடங்கப் பன்னிரண்டு விநாடி என்கிறாள் பெனசீர்,
மடக்கியும் காட்டுகிறாள்.
இந்த ஊரில் அதைத் திறந்துவைத்து ஓட்ட
மார்கழியில் ஒரு பதினைந்து நாள் கிடைக்கும்,
அதுவும் காலை ஏழுக்குள்.
தெரியும். இருந்தாலும் வேண்டும்.

நிறம் முடிந்தது.
சீட்டுத் தையலுக்கு நூலின் நிறம்கூட முடிந்தது.
அடுத்த பக்கத்தைப் புரட்டி
'சஸ்பென்ஷன் எது சார்?' என்றாள்.

அந்தச் சொல்லை நான்
வேறொரு மனிதரின் பெயரோடு சேர்த்துத்தான்
கேட்டுப் பழக்கம்.

மூன்று இருக்கிறதாம்.
சாதாரணம்.
ஸ்போர்ட்: இருபது மில்லிமீட்டர் தாழ்வு, கெட்டி ஸ்பிரிங்,
'ரோட்டை அப்படியே கையில உணரலாம் சார்.'
மூன்றாவது, போகிற போக்கில் ரோட்டைப் படித்து
தானே இளகி தானே இறுகுவது.
விலை கூட.
'பள்ளமே தெரியாது சார்.'

இருபது என்று காட்ட
அவள் விரித்த இரண்டு விரல்களின் நடுவே
நான் பார்த்தது ஒரு சாலையை.

மேடவாக்கத்துக்குத் தெற்கே மூன்றரை கிலோமீட்டர்.
மேல்தளம் நாற்பது என்று எழுதி
இருபத்தெட்டு போட்டேன்.
மிச்சம் பன்னிரண்டு.
பன்னிரண்டு கண்ணில் படவேண்டுமென்றால்
ஆள் குனிய வேண்டும், வெயில் சாய்ந்து விழ வேண்டும்.
யார் குனிகிறார்கள்.
இந்தப் பெண் மில்லிமீட்டருக்கு விலை சொல்கிறாள்.
எனக்கும் தெரியும் அம்மா அதன் விலை,
உன் கம்பெனிக்கு முன்பே தெரியும்.

இரண்டாவது மழையில் தார்
அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது.
துளைபோட்டு எடுத்த சாலைத் துண்டை
மேஜையில் வைத்து ஸ்கேலால் அளந்தார்கள்.
அளவுப் புத்தகத்தில் இருந்த கையெழுத்து
ஏ.இ. மரியலூயிஸுடையது.
பதினோரு மாதம் சஸ்பென்ஷன், பாதிச் சம்பளம்.
எனக்கு ஒரு நோட்டீஸ், ஒரு அபராதம்,
தம்பி பெயரில் அடுத்த டெண்டர்.
அந்தத் தீபாவளிக்கு அவர் வீட்டுக்கு அனுப்பிய ஸ்வீட் பெட்டி
சுற்றிய தாள்கூடப் பிரியாமல் திரும்பி வந்தது.
முந்திரி கேக்.
நாங்களே சாப்பிட்டோம்.

'தினமும் எந்த ரூட் சார்?'
சொன்னேன்.
'ஐயோ, அந்த ரோடா!'
அவளும் அதில்தான் வருகிறாள், ஸ்கூட்டரில்.
பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டு தடவை மாற்றியாயிற்று,
மெக்கானிக் இவளைத் தூரத்தில் பார்த்தாலே
ஸ்பானரை எடுத்துவிடுகிறானாம்.
சிரித்தாள்.
ரோடு போட்டவனைத் திட்டுவாள் என்று
காபிக் கோப்பையைப் பிடித்தபடி காத்திருந்தேன்.
மழையைத் திட்டினாள்.

'ஸ்போர்ட் வேணாம் சார், இடுப்பு போயிடும்.'
என் இடுப்புக்காக ஒருவர் கவலைப்பட்டு
வெகு நாளாகிறது.

மூன்றாவதற்கு டிக் அடித்தேன்.
வழவழப்பான தாள், பேனா நன்றாக ஓடியது.
'ஏழு மாசம் சார், மார்கழிக்கு வந்துடும்.'
நடுவில் ஒரு மழைக்காலம் இருப்பதை
அவளும் சொல்லவில்லை, நானும்.

திரும்பும்போது பழைய இன்னோவா.
கோதண்டம் ஓட்டுகிறான்.
பின்சீட்டில் நான் போனில்,
ஜல்லி லோடு ஏன் வரவில்லை என்று யாரிடமோ கத்திக்கொண்டு.
பள்ளிக்கரணை தாண்டி, பஞ்சர் கடை தாண்டி,
தண்ணீர்த் தொட்டி வளைவு.
தெருவிளக்கு இல்லை. ரோடு தெரியவில்லை.
கோதண்டம் பிரேக்கைத் தொடவில்லை.
பேச்சும் நிற்கவில்லை.
உடம்பு மட்டும்
சீட்டிலிருந்து இரண்டு விரல் உயரம்
எழும்பிக்கொண்டது,
பள்ளம் வருவதற்கு முன்பே.